இடிந்த மனைகளைத் தொகுத்த கவிஞர்: உசாமா இப்னு முன்கித்

வடசிரியாவில் ஹமா நகருக்கு வடமேற்கே, ஒரோண்டஸ் ஆற்றின் கரையில், நீண்டு ஒடுங்கிய பாறைமுகடு ஒன்றின் மேல் ஷைஸர் என்னும் கோட்டை அமைந்துள்ளது. அரபு மக்கள் அந்த ஆற்றை அல்-ஆஸி என்றழைப்பர்; அடங்காதவன் என்பது அச்சொல்லின் பொருள். அந்நாட்டின் மற்ற ஆறுகளைப் போலன்றி அது வடக்கு நோக்கி ஓடுவதால் அப்பெயர் வந்தது என்பர். அந்தப் பாறைமுகட்டுக் கோட்டையில் 1095ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் பிறந்தவர் உசாமா இப்னு முன்கித்.

வேட்டைக்காரர், போர்வீரர், தூதர், அரசவை மனிதர், நூலாசிரியர் எனப் பல முகங்கள் இவருக்கு உண்டு. சிலுவைப் போர்க் காலத்து ஐரோப்பியரை அருகிருந்து கண்டு எழுதியவர் என்ற வகையில் மேலை நாட்டார் இவரை அறிவர். ஆனால், தம் காலத்தவர் நடுவில் இவர் முதலாவதாகவும் முடிவாகவும் கவிஞர். 1157ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் இவர் பிறந்த மனையும் அதில் வாழ்ந்த குலமும் ஒரே நாளில் மண்ணோடு மண்ணாயின. அந்த அழிவை வரலாற்றாசிரியர்கள் நாளும் இடமுமாகக் குறித்து வைத்தனர். இவர் அதனைக் கவிதைகளின் தொகுப்பாகச் செய்து வைத்தார். இவ்விரு வகைச் சான்றுகளும் எண்ணூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் நிற்கின்றன.

கோட்டையும் குலமும்

ஷைஸர் கோட்டை பனூ முன்கித் என்னும் அரபுக் குலத்தாரின் உடைமை. உசாமாவின் பாட்டனார் அலீ 1081ஆம் ஆண்டில் பைசாந்தியரின் சார்பில் அங்கிருந்த ஆயரிடமிருந்து அதனைப் பெற்றார். பேரரசுகளுக்கு இடையே சிறு கோட்டை ஒன்றை வைத்துக்கொண்டு பிழைப்பது எளிதன்று. வடக்கே அந்தியோக்கியாவில் ஐரோப்பியப் பிரபுக்கள், தெற்கே டமாஸ்கஸ், கிழக்கே அலெப்போ, மேற்கு மலைகளில் இஸ்மாயீலியர் என நாற்புறமும் வலியவர் சூழ்ந்திருந்தனர். உசாமா பிறந்த அதே 1095ஆம் ஆண்டின் இறுதியில்தான் போப்பாண்டவர் இரண்டாம் உர்பன் பிரான்சில் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தார். இவரது வாழ்நாள் முழுவதும் அப்போர்களின் ஓசைக்கு நடுவிலேயே கழிந்தது.

தந்தை முர்ஷித் ஆட்சியில் நாட்டமில்லாதவர். தமக்கு வந்த தலைமையை ஏற்க மறுத்துத் தம்பி சுல்தானிடம் அதனை ஒப்படைத்துவிட்டார். அவரது பொழுது இரண்டு பணிகளில் சென்றது. பகலில் வேட்டை, இரவில் திருக்குர்ஆனைத் தம் கையால் படியெடுத்தல். அவர் எழுதி முடித்த படிகள் நாற்பதுக்கும் மேற்பட்டவை. மகனை ஆபத்திலிருந்து விலக்கி வளர்க்க அவர் எண்ணவில்லை. வீட்டு முற்றத்தின் சுவரில் தலைநீட்டிய பாம்பு ஒன்றைச் சிறுவன் உசாமா ஏணி வைத்து ஏறிச் சிறு கத்தியால் அறுத்தபோது, தந்தை தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இவர் தம் முதுமையிலும் மறவாத நிகழ்ச்சி.

கல்வியும் அதே அளவு கடுமையானது. துலைத்துலாவைச் சேர்ந்த, அதாவது ஸ்பெயின் நாட்டுத் தொலேதோ நகரத்து, இலக்கண அறிஞர் ஒருவர் திரிப்போலி நகர நூல்நிலையத்தின் பொறுப்பில் இருந்தார். 1109இல் ஐரோப்பியர் அந்நகரைக் கைப்பற்றியபோது அவர் சிறைப்பட்டார். முர்ஷிதும் சுல்தானும் பணம் கொடுத்து அவரை மீட்டு ஷைஸருக்கு அழைத்து வந்தனர். அவரிடம் உசாமா ஏறத்தாழப் பத்தாண்டுகள் இலக்கணம் பயின்றார். இஸ்லாத்துக்கு முந்தைய அரபுக் கவிதைகளில் இருபதாயிரம் அடிகளுக்கு மேல் இவருக்கு மனப்பாடம் என்று கூறப்படுகிறது.

அந்தப் பழங்கவிதையின் ஒரு மரபை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். பாலைவனத்து அரபுக் கவிஞன் தன் நெடும்பாடலைத் தொடங்கும்போது, காதலியின் கூட்டத்தார் முன்பு தங்கியிருந்து இப்போது விட்டுப்போன இடத்தில் வந்து நிற்பான். அடுப்புக்கற்கள், கூடாரத்தைச் சுற்றி வெட்டிய வாய்க்கால், மழை அழித்த சுவடுகள் ஆகியவற்றைக் கண்டு, உடன் வந்த தோழரை நிறுத்தி, அழுவான். அத்லால் எனப்படும் இந்தப் பாழ்மனைப் புலம்பல் இம்ரவுல் கைஸ் போன்ற முன்னோர் காலத்திலேயே நிலைபெற்றுவிட்டது. பின்னாளில் பாக்தாதின் மாளிகையில் பிறந்து வளர்ந்த கவிஞரும், பாலைவனத்தையே பாராதவரும், அதே பாழ்மனையில் நின்று அழுது பாடலைத் தொடங்கினர். அது கற்றுக்கொள்ளும் துறையாயிற்று. இளைஞரான உசாமாவும் அதனை அவ்வாறே கற்றார்.

பிறந்தகம் மறுக்கப்படுதல்

சிற்றப்பன் சுல்தானுக்கு நெடுங்காலம் ஆண்மக்கள் இல்லை. ஆகவே உசாமாவையே தம் வாரிசு போல அவர் நடத்தினார். பிறகு அவருக்கு ஆண்மக்கள் பிறந்தனர். அன்பு மெல்ல ஐயமாக மாறியது. ஒருநாள் உசாமா தாம் கொன்ற பெரிய சிங்கத்தின் தலையை ஏந்திக்கொண்டு கோட்டைக்குள் வந்தார். அன்றிரவு முதிய பாட்டி இவரிடம் வந்து, இத்தகைய வீரச்செயல்கள் சிற்றப்பனின் அச்சத்தையே வளர்க்கும் என்று எச்சரித்தார். அம்மூதாட்டியின் கணிப்பு பொய்க்கவில்லை.

1131ஆம் ஆண்டளவில் உசாமா மோசுல் ஆட்சியாளர் ஸங்கியின் படையில் சேர்ந்தார். 1137இல் தந்தை மறைந்தார். அடுத்த ஆண்டு பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் ஜான் பெரும்படையுடன் வந்து ஷைஸரை முற்றுகையிட்டார். கல்லெறி பொறிகள் கோட்டைச் சுவர்களையும் வீடுகளையும் உடைத்தன. அந்த முற்றுகையின்போது உசாமா பிறந்தகத்தைக் காக்கத் திரும்பி வந்திருந்தார். முற்றுகை நீங்கியது, ஆனால், அதே 1138ஆம் ஆண்டில் சுல்தான் இவரையும் இவர் உடன்பிறந்தாரையும் ஷைஸரைவிட்டு வெளியேற்றினார். அப்போது இவருக்கு வயது நாற்பத்து மூன்று. அந்தக் கோட்டையில் மீண்டும் குடியிருக்கும் பேறு இவருக்கு வாய்க்கவேயில்லை.

அவ்வாண்டு அக்டோபரில் அலெப்போவை ஒரு பெரிய நிலநடுக்கம் தாக்கியது. மாந்தர் ஊரைவிட்டு வெளியேறியதால் பலர் உயிர் பிழைத்தனர். பிற்காலத்தில் இந்நிகழ்ச்சியில் இரண்டு இலட்சத்து முப்பதாயிரம் பேர் இறந்ததாக ஒரு கணக்கு உலகெங்கும் பரவியது. பதினைந்தாம் நூற்றாண்டு எகிப்திய வரலாற்றாசிரியர் இப்னு தக்ரிபிர்தியின் நூலில் தோன்றிய அந்த எண், 1137இல் ஜஸீரா சமவெளியிலும், 1138இல் அலெப்போவிலும், 1139இல் காக்கசஸ் பகுதியின் கஞ்சா நகரிலும் நிகழ்ந்த வேறுவேறு நடுக்கங்கள் ஒன்றாகக் கலந்ததால் விளைந்தது என்று நிலநடுக்க வரலாற்றறிஞர் நிக்கலஸ் அம்பிரசீஸ் (1929–2012) எடுத்துக்காட்டினார். ஓர் ஏட்டை நம்பலாமா என்ற வினாவோடு, அந்த ஏடு எப்போது, எங்கிருந்து, யாரைப் பார்த்து எழுதப்பட்டது என்ற வினாவும் சேர்ந்தே எழ வேண்டும் என்பதற்கு அது நல்ல பாடம்.

அலைந்த ஆண்டுகள்

வெளியேற்றப்பட்ட உசாமா டமாஸ்கஸை அடைந்தார். அங்கே ஆட்சியை நடத்திவந்த முயீனுத்தீன் உனுர் இவரை எருசலேமின் ஐரோப்பிய மன்னர் ஃபுல்க்கிடம் தூது அனுப்பினார். ஐரோப்பியருடன் பழகியதும், அவர்களது மருத்துவத்தையும் நீதிமுறையையும் வியப்பும் ஏளனமும் கலந்த பார்வையுடன் கண்டதும், எருசலேமில் தாம் தொழுவதற்குத் தேவாலயப் படைவீரர் இடம் ஒதுக்கித் தந்ததும் இக்காலத்து நினைவுகள்.

1144இல் இவர் கெய்ரோவுக்குச் சென்றார். ஃபாத்திமி கலீஃபாக்களின் ஆட்சி அப்போது சரிந்துகொண்டிருந்தது. அமைச்சர் ஒருவரும், பின்னர் 1154இல் கலீஃபா ஸாஃபிரும் கொலையுண்டனர். அரண்மனைச் சூழ்ச்சிகளில் உசாமாவுக்கும் பங்குண்டு என்று சில வரலாற்றாசிரியர்கள் பழி கூறினர். தம் நினைவுநூலில் இவர் அந்நிகழ்ச்சிகளைத் தமக்குத் தொடர்பில்லாதவை போலவே விவரிக்கிறார். எவ்வாறாயினும் எகிப்தைவிட்டு உயிர்தப்பி ஓட நேர்ந்தது.

மனைவி மக்கள் பின்னர்க் கடல் வழியே வந்தனர். எருசலேம் மன்னர் மூன்றாம் பால்டுவின் பாதுகாப்பு உறுதி அளித்திருந்தும், அக்கா துறைமுகத்தருகே கப்பல் உடைக்கப்பட்டு உடைமைகள் கொள்ளையிடப்பட்டன. நகையும் துணியும் பொன்னும் போயின. அவற்றோடு நாலாயிரம் நூல்களும் போயின. குடும்பத்தார் உயிருடன் வந்து சேர்ந்ததால் பொருளிழப்பு பெரிதாகத் தோன்றவில்லை என்றும், நூல்களை இழந்த வலி மட்டும் வாழ்நாள் முழுவதும் நெஞ்சில் நின்றது என்றும் இவர் எழுதிவைத்தார். எழுத்தாளர் எவருக்கும் விளங்கக்கூடிய துயரம் அது.

அந்த 1154ஆம் ஆண்டிலேயே டமாஸ்கஸ் நூருத்தீனின் கைக்கு வந்தது. உசாமா அவரிடம் பணியில் அமர்ந்தார். ஷைஸரில் சுல்தானுக்குப் பின் அவர் மகன் தாஜுத்தவ்லா முகம்மது தலைமை ஏற்றிருந்தார். ஊர் தொலைவில் இல்லை. எனினும் உறவு தொலைந்திருந்தது.

நிலம் அசைந்த காலம்

1156ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியிலிருந்து சிரியாவின் நிலம் அமைதி இழந்தது. டமாஸ்கஸில் அப்போது இப்னுல் கலானிஸி என்னும் முதியவர் வாழ்ந்துவந்தார். நகரத் தலைவர் பதவியை இருமுறை வகித்தவர். தம் நகரின் வரலாற்றை ஆண்டு முறையில் எழுதிக்கொண்டிருந்தவர். வயது ஏறக்குறைய தொண்ணூறை நெருங்கிய நிலையிலும் அவர் ஒவ்வோர் அசைவையும் ஏட்டில் குறித்தார். இன்ன மாதம், இன்ன நாள், பகலா இரவா, வன்மையானதா மென்மையானதா, அதற்குமுன் வந்ததைவிடப் பெரிதா சிறிதா என்றெல்லாம் எழுதினார். அலெப்போ, ஹமா ஆகிய ஊர்களிலிருந்து செய்தி வந்தால் அதையும் சேர்த்தார். கருவிகள் ஏதுமில்லாத காலத்தில் ஒரு மனிதரின் உடலும் ஏடும் கருவியாக இயங்கியதைப் போன்றது அப்பணி.

அவ்வாறு மாதக்கணக்கில் முன்னதிர்வுகள் வந்தபின், ஹிஜ்ரி 552ஆம் ஆண்டு ரஜப் மாதம் 4ஆம் நாள், அதாவது 1157 ஆகஸ்டு 12ஆம் நாள் திங்கட்கிழமை, பேரதிர்வு நிகழ்ந்தது. டமாஸ்கஸ் மக்கள் வீடுகளைவிட்டுத் தோட்டங்களுக்கும் வெளிகளுக்கும் ஓடினர். ஆயினும் அழிவின் நடுவிடம் அங்கில்லை. வடக்கே ஒரோண்டஸ் பள்ளத்தாக்கில் ஹமா, ஷைஸர், கஃபர்தாப், அஃபாமியா, மஅர்ரத்துன் நுஃமான், ஹிம்ஸ் எனப் பல ஊர்கள் இடிந்தன. ஐரோப்பியர் வசமிருந்த திரிப்போலி, லத்தகியா, அந்தியோக்கியா ஆகியவையும் தப்பவில்லை. பகைவர் இருதரப்பாரும் சிறிது காலம் போரை மறந்து தத்தம் சுவர்களைக் கட்டுவதில் ஈடுபட வேண்டியதாயிற்று.

ஷைஸர் கோட்டையில் அன்று விருந்து நடந்தது. தாஜுத்தவ்லா தம் மகனின் சுன்னத்து விழாவுக்காகக் குலத்தார் அனைவரையும் ஒரே மாளிகையில் கூட்டியிருந்தார். மாளிகை அவர்கள் மேல் விழுந்தது. அமீரின் மனைவி மட்டும் இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மோசுல் நகரத்து வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் மேலும் ஒரு செய்தி தருகிறார். அமீர் பெரிதும் விரும்பிய குதிரை ஒன்று எப்போதும் வாசலில் கட்டப்பட்டிருக்கும். அதிர்ச்சி வந்தவுடன் வெளியே ஓடிய ஒருவரை அக்குதிரை உதைத்துக் கொன்றது. அதனால் வாசல் வழியே எவரும் தப்பவில்லை என்பது அச்செய்தி.

ஹமாவைப் பற்றி அவர் எழுதியது இன்னும் கொடியது. பள்ளி ஆசிரியர் ஒருவர் ஏதோ வேலையாக வெளியே சென்றிருந்தபோது பள்ளிக்கூடம் இடிந்து பிள்ளைகள் யாவரும் மாண்டனர். தன் பிள்ளை எங்கே என்று கேட்டு ஒருவர்கூட ஆசிரியரிடம் வரவில்லை. கேட்பதற்குப் பெற்றோரும் எஞ்சவில்லை என்பதை இப்னுல் அதீர் சொல்லாமலே உணர்த்திவிடுகிறார்.

உசாமா அன்று ஷைஸரில் இல்லை. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் சிற்றப்பன் செய்த அநீதி இவரை அந்த விருந்திலிருந்து விலக்கிவைத்திருந்தது. வெளியேற்றப்படாமல் இருந்திருந்தால், அறுபத்திரண்டு வயது முதியவராக அந்தப் பந்தியில் இவரும் அமர்ந்திருப்பார்.

ஏடுகளைப் படிக்கும் முறை

ஒரு நிலநடுக்கத்தைப் பற்றிப் பல நூற்றாண்டுகள் கழித்து அறிய முனையும் அறிஞர்கள் இந்த ஏடுகளை எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பது அறியத்தக்கது. முதலில் நாளை உறுதி செய்வர். ஹிஜ்ரி ஆண்டு நிலவைப் பின்பற்றுவது. சூரிய ஆண்டைவிட ஏறத்தாழப் பதினொரு நாள் குறைந்தது. மாற்றிக் கணக்கிடும்போது ஒருநாள் முன்பின்னாகலாம். ஏட்டாசிரியர் கிழமையையும் குறித்திருந்தால் பிழையைத் திருத்திக்கொள்ள முடியும். அடுத்து, இடிந்த ஊர்களின் பெயர்களைப் படத்தில் இடுவர். கோட்டை மதில் முழுதும் வீழ்ந்த ஊர், சில வீடுகள் மட்டும் சாய்ந்த ஊர், அதிர்வை உணர்ந்து சேதமில்லாத ஊர் எனத் தரம் பிரித்தால் அதிர்ச்சியின் நடுவிடம் புலப்படும். 1157ஆம் ஆண்டு நடுக்கத்தின் அளவு 7க்கு மேல் இருக்கும் என்று அறிஞர் மதிப்பிடுவது இவ்வழியில்தான்.

ஏட்டாசிரியர் எல்லாரையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. இப்னுல் கலானிஸி நிகழ்ச்சியின்போது வாழ்ந்தவர், 1160இல் மறைந்தவர். அவ்வாண்டில்தான் இப்னுல் அதீர் பிறந்தார். அவர் எழுதியது கேள்வியாலும் பிறர் நூல்களாலும் அறிந்தது. குதிரையின் கதையும் ஆசிரியரின் கதையும் உண்மையாயிருக்கலாம். வாய்வழி வரும்போது கூர்மை பெற்றும் இருக்கலாம். அவற்றிலிருந்து இறந்தவர் தொகையைக் கணக்கிட முடியாது; ஹமாவின் அழிவு எத்தகையது என்று அந்நாட்டு மக்கள் நினைவில் பதிந்திருந்தது என்பதை அறியலாம். 1170 ஜூன் 29இல் அதே பகுதியை மற்றொரு பெரிய நடுக்கம் தாக்கியதால், பிற்காலத்தார் இரண்டின் சேதங்களையும் சில இடங்களில் கலந்துவிட்டனர். பின்னும் சில நூற்றாண்டுகள் கழித்து, எகிப்திய அறிஞர் ஸுயூத்தி (1445–1505) நிலநடுக்கங்களுக்கென்றே தனி நூல் ஒன்று இயற்றி, முன்னோர் ஏடுகளில் சிதறிக் கிடந்த செய்திகளை ஆண்டு வரிசையில் தொகுத்தார். அவர் தொகுப்பு பெரிதும் பயன்படுகிறது. அதிலும் மூலத்தைத் தேடிச் சென்று ஒப்பிட்ட பின்னரே ஏற்கின்றனர்.

நிலமும் தன் பங்குக்குச் சான்று தருகிறது. சாக்கடலிலிருந்து வடக்கே துருக்கி வரை நீளும் நிலப்பிளவு ஒரோண்டஸ் பள்ளத்தாக்கின் ஓரமாகச் செல்கிறது. மிஸ்யாஃப் நகருக்கருகே அல்-ஹரீஃப் என்னும் இடத்தில் ரோமர் காலத்து நீர்க்கால்வாய் ஒன்று அப்பிளவைக் கடந்து செல்கிறது. நேராகக் கட்டப்பட்ட அந்தக் கால்வாய் இப்போது 13.6 மீட்டர் இடம்பெயர்ந்து முறிந்து நிற்கிறது. அங்கே தோண்டி ஆய்ந்தவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளில் மூன்று பேரதிர்வுகள் அதனை நகர்த்தின என்றும், கடைசியானது 1170இல் நிகழ்ந்தது என்றும் 2003இல் வெளியிட்டனர். மண்ணில் கண்ட அடையாளத்துக்கு நாளும் பெயரும் தந்தவை அரபு ஏடுகளே.

மனைகளின் நூல்

நூருத்தீன் ஷைஸரைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்து சுவர்களை மீண்டும் எழுப்பினார். பனூ முன்கித் குலத்தின் ஆட்சி முடிந்தது. நிலநடுக்கத்துக்குப் பின் உசாமா அவ்விடத்தைச் சென்று கண்டார். தம் வீடு எது, தந்தையின் வீடு எது, உடன்பிறந்தாரும் சிற்றப்பன் மக்களும் வாழ்ந்த வீடுகள் எவை என்று இவரால் அடையாளம் காண இயலவில்லை.

இளமையில் துறையாகக் கற்ற பாழ்மனைப் புலம்பல் இப்போது வெறும் துறையாக இல்லை. தோழரை நிறுத்தி இடிபாட்டில் அழும் கவிஞனின் இடத்தில் இவரே நின்றார். கூடாரம் பெயர்த்துக்கொண்டு போன கூட்டத்தார் வேறோர் இடத்தில் வாழ்வர் என்ற ஆறுதல் பழங்கவிஞனுக்கு இருந்தது. இவர் மனையின் மாந்தர் அந்த மனைக்கு அடியிலேயே கிடந்தனர். தமிழ்க் கவிதை மரபில் கையறுநிலை என்று சொல்லப்படும் நிலை அது.

மாண்டவர்களுள் பலர் இவரை வெளியேற்றியவரின் மக்கள்; இவருக்குரிய இடத்தில் அமர்ந்து ஆண்டவர்கள். ஆயினும் இவர் அவர்களுக்காக இரங்கற்பாக்கள் பாடினார். பழைய பகையை இறப்புக்குப் பின் கணக்குப் பார்க்கவில்லை. தண்டனை என்று அந்த அழிவைக் கொள்ளவும் இல்லை.

1164இல் உசாமா டமாஸ்கஸைவிட்டு டைகிரிஸ் கரையிலுள்ள ஹிஸ்ன் கைஃபா நகருக்குச் சென்று, அங்கு ஆட்சி செய்த அர்த்துக்கிய அமீர் காரா அர்ஸலானின் ஆதரவைப் பெற்று, பத்தாண்டுகள் அந்நகரில் தங்கினார். எழுத்துப் பணிக்கு ஓய்வு கிடைத்த காலம் அதுவே. கைத்தடிகளைப் பற்றிய ஒரு நூலும் பிறவும் அங்கே எழுந்தன. அங்குதான் 1172இல் ‘கிதாபுல் மனாஸில் வத்தியார்’ என்னும் தொகுப்பை முடித்தார். தங்கிடங்களும் மனைகளும் பற்றிய நூல் என்பது அப்பெயரின் பொருள்.

தம் நாட்டுக்கும் பிறந்தகத்துக்கும் நேர்ந்த அழிவே இந்நூலைத் தொகுக்கத் தூண்டியது என்று முன்னுரையில் தெரிவிக்கிறார். நூலின் அமைப்பு எளியது. அரபு மொழியில் இருப்பிடத்தைக் குறிக்கும் சொற்கள் பல. தங்குமிடம், மனை, வாழ்ந்த இடம், இடிந்த இடம், எஞ்சிய சுவடு, ஊர், நாடு என ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பகுதி வகுத்து, அச்சொல் பயின்றுவரும் கவிதைகளைப் பழங்காலத்திலிருந்து தம் காலம் வரை திரட்டி அடுக்குகிறார். தம் பாடல்களையும் தந்தையின் பாடல்களையும் அவற்றின் நடுவே சேர்க்கிறார். குடும்பத்தாரையும் உடன்பிறந்தாரையும் நினைந்து அழும் பாடல்களுக்கும் அதில் இடமுண்டு.

இப்னுல் கலானிஸி இடிந்த ஊர்களின் பெயர்களை அடுக்கினார். உசாமா வீட்டைக் குறிக்கும் சொற்களை அடுக்கினார். இந்நூலிலிருந்து நடுக்கத்தின் வன்மையைக் கணக்கிட இயலாது. ஆனால், ஷைஸர் முற்றாக அழிந்தது என்று ஏடுகள் கூறுவது மிகையா என்ற ஐயத்துக்கு, அவ்வீட்டில் பிறந்து வளர்ந்து, அதன் ஒவ்வோர் அறையையும் அறிந்த ஒருவர் நேரில் சென்று தம் வீட்டை அடையாளம் காண இயலாமல் திரும்பினார் என்பதைவிட வலிய மறுமொழி வேறில்லை. கவிஞர் தம் துயரத்துக்காக எழுதிய முன்னுரை, தாம் எண்ணாத வகையில் சாட்சியமும் ஆயிற்று.

முதுமையும் மறைவும்

1174இல் டமாஸ்கஸ் ஸலாஹுத்தீனின் ஆட்சிக்கு வந்தது. உசாமாவின் மகன் முர்ஹஃப் அவருடைய நெருங்கிய தோழர். உசாமாவின் கவிதைகளை ஸலாஹுத்தீன் பெரிதும் விரும்பிப் படித்தவர். அவரது அழைப்பை ஏற்று எண்பது வயதை எட்டிய முதியவர் மீண்டும் டமாஸ்கஸுக்கு வந்தார். ‘கிதாபுல் இஃதிபார்’ என்னும் நினைவுநூல் தொண்ணூறு வயதை நெருங்கியபோது உருப்பெற்றது. நிகழ்ச்சிகளிலிருந்து படிப்பினை கொள்ளல் என்பது அப்பெயரின் கருத்து. ஈட்டி ஏந்திச் சிங்கத்தைத் துளைத்த கை எழுதுகோலைப் பிடிக்கும்போது நடுங்குகிறதே என்று அந்நூலில் நொந்துகொள்கிறார். எத்தனையோ போர்களில் சாவைத் தேடிச் சென்றும் சாவு தம்மை அணுகவில்லை என்பதும், ஆயுளின் அளவு மனிதனின் அச்சத்தாலோ துணிவாலோ மாறாது என்பதும் அதில் மீண்டும் மீண்டும் வரும் கருத்து. விருந்துண்ணச் சென்றோர் மாண்டு, விரட்டப்பட்டவர் வாழ்ந்த வரலாற்றை அறிந்தவர்க்கு அக்கருத்தின் வேர் எங்குள்ளது என்று விளங்கும்.

எருசலேம் ஸலாஹுத்தீனின் வசமான அடுத்த ஆண்டில், 1188 நவம்பர் 17ஆம் நாள், உசாமா டமாஸ்கஸில் காலமானார். காசியூன் மலையடிவாரத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஏடுகள் சேர்ந்த இடங்கள்

நினைவுநூலின் ஒரே படி ஸ்பெயின் நாட்டு எஸ்கோரியல் மடத்து நூலகத்தில் 1880இல் பிரெஞ்சு அறிஞர் ஹார்ட்விக் டெரன்பூர் கண்ணில் பட்டது. அதன் தொடக்க ஏடுகள் காணாமற்போயிருந்தன. மனைகளின் நூல் ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், உசாமா தம் கையாலேயே எழுதிய படியாகக் கிடைத்தது. அதன் நிழற்படப் பதிப்பு 1961இல் மாஸ்கோவில் வெளிவந்தது.

அந்தப் படி எழுதப்பட்ட ஹிஸ்ன் கைஃபா இன்று துருக்கியில் ஹசன்கெய்ஃப் என்று வழங்குகிறது. டைகிரிஸின் குறுக்கே கட்டப்பட்ட இலிசு அணையின் நீர் தேங்கியதால், அப்பழைய நகரின் தாழ்ந்த பகுதி 2020இல் மூழ்கிப்போயிற்று. 2023 பிப்ரவரி 6ஆம் நாள் தென்துருக்கியிலும் வடசிரியாவிலும் நிலம் மீண்டும் பேரளவில் அதிர்ந்து, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அலெப்போவின் பழங்கோட்டையும் சேதமுற்றது. அந்நாட்களில் அறிஞர்கள் மீண்டும் பன்னிரண்டாம் நூற்றாண்டு ஏடுகளைப் புரட்டினர். எந்தெந்த ஊர்கள் எப்போது இடிந்தன, எத்தனை நூற்றாண்டு இடைவெளியில் நிலம் மீண்டும் அசையக்கூடும் என்று அறிய அவை துணைபுரிகின்றன. அதே நூற்றாண்டின் மற்றோர் ஏட்டில், தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் வாழ்ந்த ஒரு கவிஞர், வீடு என்பதற்குத் தம் மொழியில் உள்ள சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாக எழுதிவைத்திருக்கிறார்.